பதினொண்ணாம் நம்பர் கட்டிலும் என் பத்து நிமிஷமும்

ரெண்டு வருஷம் முன்னால, மாங்கா சீசன்ல நடந்தது. இடம் திருப்பதி. ஆஸ்பத்திரி பேரு வேணாம். சொன்னா உடனே "ஓ, அதுவா, அப்பவே தெரியும்"னு நாலு பேரு கிளம்பிடுவாங்க. நடந்த தப்புல பெரிய பங்கு என்னோடது. அதை அவங்க தலையில கட்டறதுக்காக நான் இதை எழுதல.

மொதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன். நகரி பக்கத்து ஆளு. பஸ் கண்டக்டர். பன்னெண்டு வருஷமா திருப்பதி, புத்தூர், நகரி ரூட்டு. வாய் கொஞ்சம் பெருசு. சரி, கொஞ்சம் இல்ல, நிறையவே பெருசு. எங்க டிரைவர் அண்ணன், "உனக்கு பெல்லு கயிறு எதுக்கும்மா, நீ பேசினாலே வண்டி நின்னுடும்"னு கிண்டல் பண்ணுவாரு. என் பஸ்ல ஏறினவங்க அவங்க இஷ்டத்துக்கு உக்கார முடியாது. கைக்கொழந்தை வெச்சிருக்கறவங்களை ஜன்னல் பக்கம் உக்கார வெப்பேன். வாந்தி எடுக்கற பொண்ணை முன்னால இட்டுக்கினு வருவேன். குடிச்சிட்டு ஏறினவனை கடைசி சீட்டுக்கு துரத்துவேன். பாதி தெலுங்கு, பாதி தமிழு, நாள் பூரா கத்திக்கினே இருப்பேன். ஆளுங்களை எழுப்பி எடம் மாத்தறது எனக்கு பழகிப்போன வேலை. அதுதான் அன்னிக்கு வினையா வந்து முடிஞ்சது.

எங்க அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, ரொம்ப வருஷமா சக்கரை வியாதி. கால் பெருவிரல்ல ஒரு சின்ன புண்ணு வந்துச்சு. மஞ்சா வெச்சாங்க, வேப்பெண்ணெ வெச்சாங்க, எங்க கிட்ட மட்டும் சொல்லல. விரலு கருத்து நாத்தம் வந்தப்புறம்தான் வீட்டுக்கே தெரிஞ்சது. திருப்பதிக்கு இட்டுக்கினு போனோம். விரலை எடுக்கணும், அதுக்கு முன்னால சக்கரையை எறக்கணும்னு சொல்லி பெட்ல சேத்துட்டாங்க. காலைல டிபனுக்கு முன்னால ஒரு ஊசி, ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால ஒரு ஊசி. கூட இருக்கறதுக்கு நான் லீவு போட்டேன்.

அது பொம்பளைங்க வார்டு. நீளமா ஒரு ஹாலு. ரெண்டு பக்கமும் செவுத்தை ஒட்டி கட்டிலுங்க. தலைமாட்டுல நம்பரு, கால்மாட்டு கம்பியில கேஸ் ஷீட்டு தொங்கும். எங்களுக்கு பதினொண்ணு. அங்க பேரு சொல்லி யாரும் கூப்பிடறது கொறைச்சல். "பதகொண்டு! பதகொண்டு மனுஷுலு ரண்டி!"ன்னு சத்தம் வந்தா, பதினொண்ணாம் நம்பர்க்காரங்க வாங்கன்னு அர்த்தம், நான்தான் ஓடணும். ரெண்டே நாள்ல நானே என்னை பதினொண்ணுன்னுதான் சொல்லிக்கினு இருந்தேன்.

சேக்கும்போதே அத்தை மணிக்கட்டுல ஒரு பிளாஸ்டிக் பட்டையை மாட்டினாங்க. பேரு, வயசு, ஒரு நீள நம்பரு. வீட்டுக்கு போற வரைக்கும் கழட்டக் கூடாதுன்னு படிச்சு படிச்சு சொன்னாங்க. அத்தை கேப்பாங்களா? "ஏம்மே, வளையலோட சேந்து அறுக்குதுமே. நான் என்னா ஆடா மாடா, அட்டை கட்டி ஓட்டிக்கினு போறதுக்கு?" ஒரு நாள் பூரா இதே பாட்டு. தாங்க முடியாம, பக்கத்து பெட்டுக்காரம்மா கிட்ட கத்திரிக்கோல் வாங்கி வெட்டிட்டேன். தொலைஞ்சிடக் கூடாதேன்னு அந்த பட்டையை கட்டில் கம்பியிலயே சுத்தி முடி போட்டேன். மூட்டைக்கு சீட்டு கட்டற மாதிரி. எவ்வளவு புத்திசாலி நான்னு ஒரு பெருமை வேற.

அடுத்தது வடக்கு. ரெண்டாம் நாள் சாயந்திரம் அத்தை தலைமாட்டு ஜன்னலை எட்டிப் பாத்தாங்க. அங்க மலை தெரிஞ்சது. திருப்பதில மலை எந்தப் பக்கம்னு சின்னப் பசங்களுக்கும் தெரியும். "ஐயையோ! ரெண்டு நாளா வடக்க தலை வெச்சா படுத்திருக்கேன்?"

"சாமி மலை பக்கம்தான தலை வெச்சிருக்கீங்க, புண்ணியம்தான?"ன்னு சொல்லிப் பாத்தேன்.

"பிள்ளையாருக்கு வெட்டி வெச்ச தலை எந்த யானைதுமே? வடக்க தலை வெச்சு தூங்கின யானைது. அவ்ளோ பெரிய யானைக்கே தலை போச்சு. எனக்கு விரலோட உட்டுடுமா?"

திருப்பிப் படுக்க வெச்சேன். புண்ணு இருக்கற கால் உயரமா இருக்கணும்னு கால்மாட்டை தூக்கி வெச்சிருந்தாங்க, அந்தப் பக்கம் தலை வெக்கறதான்னு சிஸ்டர் வந்து சத்தம் போட்டாங்க. மறுபடியும் வடக்கு. அன்னிக்கு ராத்திரி பூரா அத்தை தலையணையை மடியில வெச்சுக்கினு உக்காந்தே இருந்தாங்க. தூங்கலன்னா சக்கரை எறங்காது, எறங்கலன்னா ஆபரேஷன் தள்ளிப்போகும்னு டாக்டர் ஏற்கெனவே சொல்லி இருந்தாரு. எனக்கு பைத்தியம் பிடிக்காத கொறை.

காலைல ஆறு மணி இருக்கும். எதிர் வரிசைல, தெக்கு செவுத்தை ஒட்டி, இருபத்தி நாலாம் நம்பர்ல ஒரு பொண்ணு இருந்துச்சு. இருபத்தஞ்சு வயசு இருக்கும். டைபாய்டு. நாலு நாளா கஞ்சி கூட எறங்கல. அவங்க அம்மா கூட இருந்தாங்க. புத்தூரை தாண்டி ஒரு ஊரு, தமிழ் பேசற கிறிஸ்தவக் குடும்பம். நான் போய் அத்தை கதையை சொல்லி தலையில அடிச்சுக்கினேன். அந்தப் பொண்ணு ஜுரத்துலயும் சிரிச்சுச்சு. "எங்களுக்கு வடக்கு தெக்கு எல்லாம் கெடையாதுக்கா. நான் அங்க போய் படுத்துக்கறேன், பெரியவங்க இங்க வந்து தூங்கட்டும்"னுச்சு. நான் கேக்கவே இல்ல. அதுவாதான் சொன்னுச்சு. இதை நான் மறக்கவே கூடாது.

அப்புறம் என்ன, நம்ம கை சும்மா இருக்குமா? அஞ்சே நிமிஷம். தலையணை, போர்வை, பிளாஸ்க்கு, பை, செருப்பு, அந்தப் பொண்ணோட பைபிளு, எல்லாத்தையும் மாத்தியாச்சு. அத்தையை நொண்ட வெச்சு இந்தப் பக்கம் இட்டாந்தேன். ரெண்டு தலையணை குடுத்து காலை தூக்கி வெச்சேன். "இப்ப உங்க கால் மலை பக்கம் நீட்டிக்கினு இருக்குதே அத்தை, பெருமாள் கோவிச்சுக்க மாட்டாரா?"ன்னு சீண்டினேன். "நடுவுல செவுரு இருக்குதுமே, அவருக்கு தெரியாது"ன்னு சொல்லிட்டு, பத்து நிமிஷத்துல கொறட்டை.

மாத்தாம உட்டது ரெண்டே ரெண்டுதான். கால்மாட்டுல தொங்கின ஷீட்டு. கம்பியில நான் முடி போட்ட பட்டை.

சிஸ்டர் கிட்ட சொல்லலாம்னு பாத்தேன், அந்த நேரம் யாரும் கண்ணுல படல. வந்தா சொல்லிக்கலாம்னு உட்டுட்டேன். ஏழு மணிக்கு டூட்டி மாறிச்சு. நான் இட்லி வாங்க கீழ போயிட்டேன். கேன்டீன்ல நீளமா கியூ. ஏழே முக்காலுக்கு மாடி ஏறி வந்து அத்தையை எழுப்பினேன். "ஊசி போட்டாங்களா?" "யாரும் வரலயே." சரி, சிஸ்டரை கேப்போம்னு போனேன். காலை டூட்டிக்கு வந்தது சின்ன வயசு பொண்ணு, எங்களை அதுக்கு முன்னால பாத்ததில்ல. வார்டு பூராவுக்கும் ரெண்டே பேரு, ஓடிக்கினே இருந்துச்சு.

"சிஸ்டர், எங்க அத்தைக்கு சக்கரை ஊசி போடலயே?"

"ஏ பெட்டு? எந்த பெட்டும்மா?"

வாய் பழக்கத்துல "பதினொண்ணு"ன்னேன்.

அது கையில இருந்த நோட்டை பாத்துட்டு, "பதகொண்டு அய்போயிந்தி. ஏழே காலுக்கே போட்டாச்சும்மா"ன்னு சொல்லிட்டு அடுத்த பெட்டுக்கு போயிடுச்சு.

எனக்கு புரிய ஒரு நொடி கூட ஆகல. திரும்பி எதிர் வரிசையை பாத்தேன். பதினொண்ணுல அந்தப் பொண்ணுக்கு முகம் பூரா முத்து முத்தா வேர்த்துக்கினு இருந்துச்சு. அவங்க அம்மா முந்தானையால தொடைச்சுக்கினே என்னை பாத்து சிரிச்சாங்க. "ஸ்தோத்திரம்மா! வேர்க்குது பாரு. ஜுரம் எறங்குது. உங்க பெட்டு ராசி"ன்னாங்க.

இங்கதான் நான் சொல்ல வந்த விஷயமே இருக்குது.

எனக்கு தெரியும். அந்த வேர்வை எதுன்னு எனக்கு நல்லாவே தெரியும். முந்தின வருஷம் அத்தை ஊசி போட்டுக்கினு சாப்பிடாம கோயிலுக்கு போய், இதே மாதிரி வேர்த்து, கை நடுங்கி, பேச்சு கொளறி, என் மடியில சாஞ்சவங்கதான். சக்கரை அதலபாதாளத்துக்கு எறங்கிடுச்சு, இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருந்தா கோமான்னு அன்னிக்கு டாக்டர் சொன்னது காதுலயே இருக்குது. சக்கரை வியாதி இருக்கற உடம்புக்கே அப்படின்னா, நாலு நாளா ஒண்ணும் துன்னாத பொண்ணுக்கு?

தெரிஞ்சும் நான் வாயை தொறக்கல.

போய் அத்தை கட்டில்ல உக்காந்தேன். இட்லி பொட்டலத்தை பிரிச்சேன், மூடினேன், மறுபடியும் பிரிச்சேன். மனசு கண்டதை பேசுச்சு. பட்டையை வெட்டினது யாரு? நான். சொல்லாம கட்டில் மாத்தினது யாரு? நான். சொன்னா எங்களை வெளிய அனுப்பிடுவாங்களா? ஆபரேஷன் நின்னு போகுமா? போலீசு கேசு ஆகுமா? அவங்க அம்மா என் மூஞ்சில காறித் துப்ப மாட்டாங்களா? ஒரு ஊசிதான, அத்தை தினமும் போட்டுக்கினு நல்லாதான இருக்காங்கன்னு எனக்கு நானே பொய் சொல்லிக்கினேன். சிஸ்டர் எப்படியும் அந்தப் பக்கம் வருவாங்க, அவங்களே கண்டு பிடிச்சிடுவாங்கன்னும் நெனச்சேன். எழுந்தேன், உக்காந்தேன். தண்ணி குடிக்கப் போனேன், குடிக்காம திரும்பி வந்தேன். "ஏம்மே, வயித்த கிய்த்த வலிக்குதா?"ன்னு அத்தை கேட்டாங்க. பன்னெண்டு வருஷமா ஊரையே அதட்டற வாய்க்கு அன்னிக்கு பூட்டு போட்ட மாதிரி ஆயிடுச்சு.

அந்தப் பொண்ணு தண்ணி டம்ளரை கையில வாங்குச்சு. கை நடுங்கி டம்ளர் கீழ உழுந்துச்சு. ஏதோ சொல்ல வந்து நாக்கு கொளறுச்சு. அவங்க அம்மா, "பேசாத கண்ணு. நாலு நாளா தூங்கல, தூங்கு"ன்னு சொல்லி போர்வையை கழுத்து வரைக்கும் இழுத்து உட்டாங்க. அது கண்ணு சொருகிச்சு.

அந்த போர்வையை பாத்ததும் என்னால முடியல.

"தூங்க உடாதீங்க! எழுப்புங்க! சிஸ்டர்! சிஸ்டர்!"

நான் போட்ட கத்தல்ல வார்டே எழுந்து உக்காந்துச்சு. சிஸ்டர் ஓடி வந்துச்சு. "சக்கரை ஊசியை இவங்களுக்கு போட்டுட்டீங்க! நான்தான் பெட்டை மாத்தினேன், நான்தான்"னு சொல்லிக்கினே போர்வையை இழுத்தேன். சிஸ்டர் முகம் வெளுத்துப்போச்சு. ஆனா ஒரு நொடி நிக்கல. விரல்ல குத்தி ரத்தம் எடுத்து மிஷின்ல வெச்சாங்க. முப்பத்தி நாலு. இன்னொரு சிஸ்டர் டாக்டரை கூப்பிட ஓடினாங்க. கையில டிரிப்ஸ் ஊசி ஏற்கெனவே இருந்துச்சு. அது வழியா குளுகோஸை ஏத்த ஆரம்பிச்சாங்க. அவங்க அம்மா கால் பக்கம் நின்னுக்கினு "இயேசப்பா, இயேசப்பா"ன்னு அலறினாங்க. நான் அந்தப் பொண்ணு கன்னத்தை தட்டிக்கினே, எங்க ஊரு கங்கம்மாவுல இருந்து அவங்க கர்த்தர் வரைக்கும் ஒருத்தரை உடாம கும்பிட்டேன்.

எவ்வளவு நேரம்னு தெரியல. கண்ணு தொறந்துச்சு. என்னை பாத்து, "என்னாக்கா, பெரியவங்க தூங்கினாங்களா?"ன்னு கேட்டுச்சு.

நான் அங்கயே தரையில உக்காந்து ஓன்னு அழுதேன்.

கொஞ்ச நேரம் கழிச்சு, வார்டு பெரிய சிஸ்டரும், இந்த மாதிரி விஷயத்தை விசாரிக்கற ஒரு அம்மாவும் ஒரு ஃபாரத்தோட வந்தாங்க. கழுத்தை பிடிச்சு தள்ளுவாங்கன்னு நான் தயாரா நின்னேன். அந்தம்மா குரலையே உசத்தல. யாரு பண்ணதுன்னு கேக்கல, எப்படி நடந்துச்சு, ஒண்ணொண்ணா சொல்லுங்கன்னுதான் கேட்டாங்க. அந்த சின்ன சிஸ்டர் அழுதுக்கினே மொதல்ல பேசுச்சு. "போர்வைக்குள்ள இருந்த கையை நான் பாக்கல மேடம். பேரு கேக்கல. கம்பியில பட்டை இருந்துச்சு, அதை பாத்துட்டு போட்டுட்டேன். சுகர் இஞ்செக்ஷன் அம்மான்னு சொன்னேன், அவங்க தூக்கத்துல தலையாட்டினாங்க. அவங்க அம்மா வெந்நீ எடுக்க போயிருந்தாங்க." ஒண்ணு உடாம சொல்லுச்சு. நானும் சொன்னேன். வடக்கு, யானை, கத்திரிக்கோல், முடி போட்டது, எல்லாம். யானை கதை வந்தப்போ பெரிய சிஸ்டர் உதட்டை கடிச்சுக்கினாங்க.

கடைசியா அந்தம்மா ஒண்ணு கேட்டாங்க. "ஊசி மாறிப்போச்சுன்னு உங்களுக்கு எப்ப தெரிஞ்சதும்மா?"

"அப்பதான் மேடம். தெரிஞ்ச உடனே கத்திட்டேன்"னேன்.

அந்தம்மா அதை அப்படியே எழுதிக்கினாங்க. "நல்ல வேளை, நீங்க உடனே சொன்னீங்க"ன்னு என் கையை பிடிச்சு சொல்லிட்டுப் போனாங்க. தன் வேலை போனாலும் போகட்டும்னு உள்ளதை சொன்ன அந்த சின்ன சிஸ்டர் பக்கத்துலயே நின்னுச்சு. அது முகத்தை என்னால ஏறெடுத்துப் பாக்க முடியல.

அந்தப் பொண்ணு நாலு நாள்ல வீட்டுக்கு போச்சு. அத்தையை அன்னிக்கே பழைய கட்டிலுக்கு மாத்திட்டாங்க. வடக்க தலை வெச்சுதான் ஆபரேஷனுக்கு போனாங்க, வடக்க தலை வெச்சுதான் தூங்கினாங்க. விரலோட போச்சு. யானை கதையை அப்புறம் எடுக்கவே இல்ல.

புண்ணுக்கு கட்டு மாத்த மறு மாசம் போனப்போ வார்டு வாசல்ல ஒரு போர்டு வெச்சிருந்தாங்க. தெலுங்குலயும் தமிழ்லயும். கையில கட்டின பட்டையை கழட்டாதீங்க, சிஸ்டருக்கு சொல்லாம கட்டில் மாத்தாதீங்க. உள்ள ஒரு சிஸ்டர் ஊசி போடறதுக்கு முன்னால பேரு கேட்டு, பட்டையை பாத்து, அப்புறம்தான் கையை தொட்டாங்க. அந்த ரெண்டு வரியும் என்னால வந்ததுன்னு வாசல்ல நின்னு படிச்சேன். மூணாவதா ஒரு வரி வந்திருக்கணும். தப்புன்னு தெரிஞ்சா பயப்படாம அந்த நொடியே சொல்லுங்கன்னு. அது எப்படி வரும்? கூட இருக்கறவ பயந்து வாயை மூடிக்குவான்னு அவங்களுக்கு நான் சொல்லவே இல்லையே.

போன வருஷம் புத்தூர்ல அந்தப் பொண்ணு என் பஸ்ல ஏறுச்சு. நல்லா சதை போட்டு, மூக்கும் முழியுமா. பை நிறைய சீத்தாப்பழம். என்னை பாத்ததும் "அக்கா!"ன்னு கத்திக்கினே வந்து கையை பிடிச்சுக்கினு, பக்கத்து சீட்டுக்காரம்மா கிட்ட, "இவங்கதான் என் உயிரை காப்பாத்தின அக்கா"ன்னுச்சு. பஸ்ல பாதி பேரு என்னை திரும்பிப் பாத்தாங்க. அதுக்கப்புறம் மாசம் ஒரு தடவையாவது ஏறுது. ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருத்தர் கிட்ட அதே வார்த்தை சொல்லுது. நான் சிரிச்சிட்டு பின் சீட்டுக்கு டிக்கெட் போடப் போயிடுவேன். அங்க டிக்கெட் வாங்காதவங்க யாருமே இருக்க மாட்டாங்க.

ஏழே முக்கால்ல இருந்து எட்டுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கற வரைக்கும். பத்து நிமிஷம். இதை நான் எங்க வீட்டுக்காரர் கிட்ட கூட சொன்னதில்ல, இங்கதான் மொதல் தடவையா சொல்றேன். அந்தப் பொண்ணு இதை படிச்சிட்டு அடுத்த தடவை என் பஸ்ல ஏறாம போனாலும் போகட்டும்.

படியில யாரோட புடவை நுனி மாட்டினாலும் யோசிக்காம பெல்லு கயிறை இழுக்கறவ நான். அன்னிக்கு அந்தப் பத்து நிமிஷம் இழுக்காம உட்ட பெல்லு, அந்தப் பொண்ணு "அக்கா"ன்னு கூப்பிடும்போதெல்லாம் என் காதுக்குள்ள அடிச்சுக்கினேதான் இருக்குது.